சத்தமில்லாத காணி

எங்கள் படலையிலிருந்து கிளிநொச்சிச் சந்தி வரைக்கும் முன்பு நாலு கடைகள் இருந்தன. ஒரு சைக்கிள் கடை, ஒரு தேத்தண்ணிக் கடை, ஒரு அரிசி ஆலை, ஒரு சங்கக்கடை. சென்ற வருடம் ஒரு பின்னேரம் எண்ணிக்கொண்டு நடந்தேன். நகை அடகு பிடிக்கிற இடங்கள் மட்டும் ஒன்பது. கைத்தொலைபேசிக் கடைகள் பதினாலு. வெளிநாட்டுக்கு அனுப்பி வைக்கிறோம் என்று பலகை போட்டவை ஆறு. நிழல் தரக்கூடிய மரம் ஒன்று. அந்த ஒன்றிலும் விளம்பரத் தகடு அடித்திருந்தார்கள்.

எண்ணுவது எனக்கு ஒரு வருத்தம், தீராத நோய் மாதிரி. நீர்ப்பாசனப் பகுதியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், வாய்க்காலில் எத்தனை அங்குலம், எந்தத் துருசுக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குக் குளம் இல்லை. கண்ணில் படுவதை எண்ணுகிறேன்.

நகரம் மாறியது பிழை என்று நான் சொல்லவில்லை. என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் காடு வெட்டித்தான் காணி எடுத்தார். அந்தக் காட்டில் திரிந்த பன்றியும் மரையும் அவரைப் பற்றி என்ன சொல்லியிருக்கும்? மாற்றம் வருகிறவனுக்குச் சந்தோசம், இருக்கிறவனுக்கு இடைஞ்சல். அது எனக்கு விளங்கும். விளங்காமல் போனது எங்கள் மேற்கு வேலிக்கு அப்பால் எழும்பிய கலியாண மண்டபம்.

மண்டபத்தில் மாப்பிள்ளை வந்து இறங்கும்போது ஒரு தரம் வெடி கொளுத்துவார்கள். பொம்பிளை வரும்போது ஒரு தரம். தாலி கட்டும்போது ஒரு தரம். சீன வெடிச் சரம், ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம். வெடிக்கு முன்னால் இன்னொன்று வரும். படம் எடுக்கிற பெடியள் மேலே பறக்கவிடுகிற சின்ன இயந்திரம். அது எங்கள் கூரைக்கு மேலால் உறுமிக்கொண்டு சுற்றும்.

அந்த உறுமலை வன்னியில் இருந்த சனத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் வேவு பார்க்க வந்த ஆளில்லா விமானத்தை நாங்கள் வண்டு என்று சொல்லுவோம். வண்டு சுற்றினால் அரை மணித்தியாலத்துக்குள் செல் விழுந்து வெடிக்கும். பச்சைப் பிள்ளைக்கும் அது தெரிந்திருந்தது.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். இப்போது ஒருவன். அவன் இலண்டனில். மற்ற இருவரும் போனது ஒரே நாளில், ஒரே இடத்தில். அந்த நாளைப் பற்றி நானும் மனைவியும் கதைப்பதில்லை.

மண்டபத்தின் முதல் கலியாணத்தன்று அவள் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். வண்டுச் சத்தம் கேட்டது. கத்தியை வைத்தாள். அறைக்குள் வந்தாள். அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடைவெளியில் முழங்காலில் இருந்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். ஒரு சத்தமும் போடவில்லை. வெடி முடிந்து, மேளம் தொடங்கிய பிறகு எழும்பி, சேலையை உதறிக்கொண்டு குசினிக்குப் போனாள். சோறு கருகியிருந்தது.

"என்னப்பா, அடுப்பைப் பாக்கக் கூடாதோ?" என்று என்னை ஏசினாள்.

முதல் இரண்டு மாதம் இதைச் சமாளிக்கலாம் என்று நினைத்தோம். பிறகு அவள் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துச் சுபமுகூர்த்த நாட்களைப் பார்க்கத் தொடங்கினாள். ஊரில் கலியாணத்துக்கு நாள் பார்ப்பார்கள். இவள் ஒளிப்பதற்கு நாள் பார்த்தாள். வைகாசியில் ஒரு கிழமைக்குள் நாலு நாள் நல்ல நாளாக வந்தது. அந்தக் கிழமை அவள் சாப்பிட்டதே இல்லை என்று சொல்லலாம். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. வைத்தியர் நித்திரைக் குளிசை தந்தார். குளிசை போட்டுக்கொண்டும் அவள் அலுமாரி இடுக்குக்குத்தான் போனாள், கொஞ்சம் தள்ளாடிக்கொண்டு.

மண்டபத்துச் சொந்தக்காரர் பழைய சைக்கிள் கடைக்காரரின் மகன். சின்ன வயதில் என் சைக்கிளுக்குக் காற்றடித்துத் தந்தவர். போய்க் கேட்டேன்.

"தம்பி, மற்றதெல்லாம் நடக்கட்டும். அந்த வெடியை மட்டும் நிப்பாட்ட ஏலாதோ? மனிசி பயப்பிடுறா."

"ஐயா, வெடி கொளுத்துறது நானில்லை. வாற சனம். வெடி இல்லாட்டி இதென்ன செத்தவீடோ எண்டு கேப்பினம்."

"செத்தவீட்டுக்கும் இப்ப வெடிதானே கொளுத்துறாங்கள்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியளோ? அந்தச் சத்தத்துக்குச் செத்தவனே எழும்புறதில்லை. அம்மா என்னத்துக்குப் பயப்பிடுறா?"

நான் எழும்பினேன். அவருக்கு என் முகத்தைப் பார்த்து என்னவோ போல இருந்திருக்க வேண்டும். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"கோவிக்காதேங்கோ ஐயா. நான் ஒண்டு சொல்லட்டோ? உங்கட காணியை எனக்குத் தாங்கோ. எனக்கு வாகனம் விட இடமில்லை. நீங்கள் அம்மாவைக் கொண்டு ஒரு அமைதியான இடமாப் பாத்துப் போங்கோ."

அப்படித்தான் அது தொடங்கியது. யாரும் எங்களைத் துரத்திக் கலைக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகக் கரைச்சல் தந்தது. கலைத்திருந்தால் பழக்கமான வேலையாக இருந்திருக்கும்.

துணுக்காய்ப் பக்கம் ஒரு காணி விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு மூன்று தரம் போய்ப் பார்த்தேன். ஆனியில் ஒரு தரம், ஆடியில் ஒரு தரம், ஆவணியில் ஒரு தரம். விற்கிற ஆள் ஊரில் இல்லை. பக்கத்துக் காணிக்காரர்தான் காட்டினார். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து தாய் தகப்பனோடு சின்னப் பிள்ளையாக வந்தவர். இரண்டேக்கர் வயல் வைத்திருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். கிணறு இருபத்திரண்டு அடி. தென்னை பதினொன்று, காய்க்கிறது ஏழு. பின்வேலியோரம் வாழை ஒரு பற்றை. பஸ் போகிற ரோட்டுக்கு ஒன்றேமுக்கால் மைல்.

"கோயில் ஒலிபெருக்கி?"

"கோயிலு அந்தாண்ட இருக்குங்க. கரண்டு இல்ல."

"அரிசி ஆலை, கல்லுடைக்கிற இடம், மண்டபம்?"

"அதெல்லாம் இங்க யாருங்க கட்டுவாங்க?"

"அப்ப ஒரு சத்தமும் இல்லை?"

"மயிலு கத்துமுங்க. அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது ஐயா." சிரித்தார்.

வயல்கள் அரிவு வெட்டி, அடிக்கட்டை காய்ந்து கிடந்தன. நான் வேலியோரம் கதிரை போட்டு ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். ஒரு மோட்டார்சைக்கிள் போனது. காற்று. வேறொன்றுமில்லை. மூன்று தரமும் அப்படியே. வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன்.

"அங்கை மேல என்ன பறக்கும்?" என்று கேட்டாள்.

"கொக்கு."

"கொக்கு மட்டுமெண்டால் எனக்குக் காணும்," என்றாள்.

போகிற நாள் விடிய லொறி வந்தது. சாமான்களை ஏற்றச் சொல்லிவிட்டு நான் ஏணியை எடுத்தேன். குசினித் தாழ்வாரத்துக்குப் போட்டிருந்த தகரங்களைக் கழற்றத் தொடங்கினேன். யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போனது. மனைவி கீழே நின்று ஒவ்வொரு தகரமாக வாங்கினாள். முன் தகரத்துக்குள் பின் தகரம் படிகிற மாதிரி அடுக்கினாள். ஆணிகளைப் பழைய பால்மாப் பேணிக்குள் போட்டாள். பிறகு நான் முன்கதவைப் பிணைச்சலோடு கழற்றினேன். அவள் இரண்டு யன்னலைக் கழற்றினாள். கிணற்றுக் கப்பி, கயிறு, வாளி. கக்கூஸ் கதவு. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு பதினொரு தரம் வீடு மாறியிருக்கிறோம். பதினொன்றும் ஓட்டம். எதை முதலில் கழற்ற வேண்டும், எது மழைக்கு உதவும், எது பாரம் என்று எங்கள் உடம்புக்குத் தெரியும். அந்த ஒரு மணித்தியாலம் அவள் உசாராக இருந்தாள். ஒரு தரம் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். முதுகு நோவு என்று அவள் சொல்லவே இல்லை.

மண்டபக்காரர் சாவி வாங்க வந்தபோது, நான் கூரையில் இருந்தேன். அறையின் கூரைச் சீற்றுகளில் பாதி கீழே வந்துவிட்டது.

"ஐயா, வீட்டோடதானே எழுதித் தந்தனீங்கள்?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. விற்ற வீடு. கூரையோடும் கதவோடும் விற்ற வீடு. கையில் சாவியை வைத்துக்கொண்டு, பூட்டுப் போடக் கதவில்லாமல் நான் மேலே இருக்கிறேன். என் முகம் சுட்டது. "பிழைச்சுப் போச்சு தம்பி. கழட்டினதெல்லாம் திருப்பிப் பூட்டித் தாறன்," என்றேன்.

அவர் வீட்டைச் சுற்றி வந்து பார்த்தார். "என்னத்துக்குத் திருப்பிப் பூட்டுவான்? நாளைக்கு இடிக்கிற மெசின் வருது. முழுக்கக் கழட்டிக்கொண்டு போங்கோ. எனக்குக் கூலி மிச்சம்."

லொறிக்காரப் பெடியன் சிரிப்பை அடக்க முடியாமல் மற்றப் பக்கம் திரும்பி நின்றான். மனைவி மட்டும் ஒன்றையும் கவனிக்கவில்லை. அவள் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் ஏறி இருந்துவிட்டாள். பைக்குள் என்ன இருக்கிறது என்று வழியில் பார்த்தேன். அரிசி ஒரு சுண்டு. பனடோல். நெருப்பெட்டி. அடையாள அட்டைகள். மூன்று பிள்ளைகளுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லா வாகனத்தையும் போல எங்கள் லொறியும் நின்றது. தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு வந்தேன். "இந்தப் பக்கம் இன்னும் செல் விழத் தொடங்கேல்லைப் போல," என்றாள் அவள். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, மிகச் சாதாரணமாகச் சொன்னாள். நான் கச்சான் சரையைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன்.

புதுவீட்டில் பால் காய்ச்சினோம். இரண்டு அறை, ஒரு குசினி. கொண்டுபோன தகரத்தால் பின்பக்கம் ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கினேன். மாதம் ஒன்று போவதற்குள் அவளுடைய கன்னத்தில் சதை பிடித்தது. காணி காட்டிய பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியோடு வரம்பில் கீரை பிடுங்கப் போனாள். அந்த அம்மா "வாங்க போங்க" என்று கதைப்பதை வீட்டில் வந்து எனக்குச் செய்து காட்டினாள். நான் தேத்தண்ணிக்குச் சீனியைக் கூடுதலாகப் போடுகிறேன் என்று ஏசினாள். அவள் ஏச ஏச எனக்கு நிம்மதியாக இருந்தது. ஐப்பசி மழை பெய்தது. வயல் பச்சையாகியது. மகனோடு தொலைபேசியில் கதைக்கும்போது, "இஞ்ச நல்லம் தம்பி, ஒரு சத்தமும் இல்லை," என்றாள். அதை நான் என் காதால் கேட்டேன்.

மார்கழி நடுவில் நெல் பால் பிடித்தது. அப்போதுதான் யானை வந்தது.

யானை இருக்கிற இடம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வேலி, வாழை, தென்னம்பிள்ளை, எல்லாவற்றுக்கும் யானையால் வரக்கூடிய நட்டத்தைக் கணக்குப் போட்டுத்தான் வந்தேன். யானையைக் கலைக்கச் சனம் என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போடவில்லை. ஒரு பொழுது படுகிற நேரம், பக்கத்து வயலில் யானை வெடி வெடித்தது. கலியாண வெடி மாதிரிச் சடசடவென்று அல்ல. ஒன்றே ஒன்று. நிலம் அதிர்ந்தது. மேசையில் இருந்த கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டின. அதன் பிறகு தூரத்தில் இன்னொரு வயலில் ஒன்று. பிறகு அதற்கும் அப்பால்.

மனைவியைத் தேடினேன். புதுவீட்டில் அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம். இடுக்கு இல்லை. அவள் குசினி மூலையில், அரிசி வாளிக்குப் பின்னால் இருந்தாள். கை பிடரியில். நான் தொட்டதும் என்னையும் கீழே இழுத்தாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

விடிந்ததும் பக்கத்து வயலுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் காவல் பரணுக்குக் கீழே கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு சத்தமும் இல்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஆமாங்க. என்னங்க சத்தம்?"

"நேற்று வெடிச்சது?"

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "அது சத்தமா ஐயா? அது வேலைங்க."

சண்டை பிடிக்க வந்தவன், நின்றுவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. கிளிநொச்சியில் என்னிடம் யாராவது துருசில் தண்ணீர் விழுகிற இரைச்சலைப் பற்றிக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மனைவியைப் பற்றிச் சொன்னேன். மற்ற இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டி வந்தது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வெடி போடாம விட முடியாதுங்க. ஒரு ராத்திரி விட்டா ரெண்டேக்கரும் போயிரும். அதுக்கிட்ட யாரு போய்ப் பேசுறது?"

"போடாதேங்கோ எண்டு நான் கேக்கேல்லை."

உண்மையில் அதைத்தான் கேட்கப் போயிருந்தேன்.

"சொல்லிட்டுப் போடவா?" என்றார்.

அன்று மாலை வேலியடியில் நின்று கூப்பிட்டார். "அம்மா! போடப் போறேங்க!"

மனைவி விளக்குத் திரியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எங்கடையோ, வாறதோ?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வெடிக்கும் சனம் கேட்ட கேள்வி. இங்கிருந்து போகிறதா, அங்கிருந்து வருகிறதா. போகிறது என்றால் இருக்கலாம். வருகிறது என்றால் ஓட வேண்டும்.

"இஞ்ச இருந்து போறது," என்றேன்.

வெடித்தது. அவள் தோள் குலுங்கியது. எழும்பவில்லை. மூச்சை விட்டுவிட்டு, திரியைத் திரும்ப எடுத்தாள்.

அப்படியே நாட்கள் போயின. மற்ற வயல்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சிலர் சிரித்தார்கள். "யானைக்கும் முன்கூட்டியே அழைப்பிதழ் குடுப்பமோ?" என்று ஒருவர் கேட்டாராம். தூரத்து வெடிகளுக்கு அறிவித்தல் வரவில்லை. ஆனால் முதல் குரல் கேட்டுவிட்டால் அவள் மற்றவற்றையும் தாங்கிக்கொண்டாள். குசினி மூலைக்குப் போவது குறைந்தது. நான் நம்பத் தொடங்கினேன்.

பொங்கல் கழிந்து சில நாட்களில், யானை எங்கள் பக்கத்தால் வந்தது. வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மனைவி கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பின்வேலி முறிகிற சத்தம் கேட்டது. வாழைப் பற்றைக்குள் கறுப்பாக ஒன்று அசைந்தது. அவளுக்கும் அதற்கும் இடையில் இருபது அடி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். கூப்பிட நேரமில்லை. வெடியைக் கொளுத்தி எறிந்தார்.

யானை திரும்பிவிட்டது. மனைவி வீட்டுப் பக்கம் ஓடவில்லை. எதிர்ப்பக்கம் ஓடினாள். காணி எல்லையில் ஒரு வாய்க்கால் இருக்கிறது, சீமெந்துக் கட்டு வைத்தது. பதுங்க ஒரு குழி என்றால் அதுதான் குழி. அதற்குள் பாய்ந்தாள். நான் போய்ப் பார்த்தபோது முகம் குப்புறக் கிடந்தாள், முழங்கால் அளவு தண்ணீரில், கை பிடரியில். கழுத்தைத் தூக்கி மூச்செடுக்கச் செய்ய இரண்டு பேர் வேண்டியிருந்தது. இடது கால் கணுக்காலுக்கு மேலே முறிந்திருந்தது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிளாஸ்டர் போட்டு வார்டில் மறித்து வைத்தார்கள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பஸ் ஏறி வந்தார். கட்டிலடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நேரம் கெடைக்கலீங்க அம்மா."

"உங்களுக்குக் காயம் ஒண்டும் இல்லையே?" என்று அவள் கேட்டாள்.

"இல்லீங்க. வயலுதான் ஒரு மூலை போச்சு. அன்னைக்குப் போன ஆளு, சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு மறுநாள் வந்துட்டாரு."

அவள் சிரித்தாள். சில கிழமைகளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அவர் போன பிறகு நான் என் திட்டத்தைச் சொன்னேன். மகனோடு கதைத்து முடித்திருந்தேன். வவுனியாவில் ஒரு அறை. ஆஸ்பத்திரிக்குப் பக்கம். யானை இல்லை. மண்டபம் எத்தனை என்று விசாரித்தும் வைத்திருந்தேன். அந்தத் தெருவில் ஒன்றுமில்லை.

"என்னத்துக்கு?" என்றாள்.

"என்னத்துக்கோ? உமக்குக் கால் முறிஞ்சு கிடக்கு."

"துணுக்காய்க்கே போவம். அந்த மனிசன் சொல்லிப்போட்டுத்தானே போடுறவர்."

"அண்டைக்குச் சொல்லேல்லையே."

"அண்டைக்கு ஒருநாள்தானே. இவ்வளவு காலத்தில எங்களுக்கு முன்னுக்குச் சொல்லிப்போட்டுப் போட்டவை வேற ஆர்? சொல்லுங்கோ பாப்பம்."

நான் பக்கத்துக் கட்டில்காரி கேட்டுக்கொண்டிருக்கிறாளோ என்று பார்த்தேன். பிறகு தண்ணீர்ப் போத்தலை நிரப்ப எழும்பிப் போனேன்.

துணுக்காய்க்குத் திரும்பி வந்து ஒன்பது நாள் ஆகிறது. கட்டிலை யன்னலோரம் போட்டிருக்கிறேன். இனி அவள் எங்கும் ஓட முடியாது. வெடி வந்தால் கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது வேலியடியில் நின்று கூப்பிடுவதில்லை. யன்னலடிக்கு வருகிறார். "அம்மா, போடப் போறேங்க," என்று மெதுவாகச் சொல்கிறார். அவள் "ஓம்" என்று சொல்லும்வரை நிற்கிறார். சில நாள் அவளுக்கு அந்த "ஓம்" வரக் கொஞ்ச நேரம் எடுக்கிறது. பிறகுதான் திரும்பிப் போய்த் திரியைக் கொளுத்துகிறார்.

அவ்வளவு நேரத்துக்குள் யானை எவ்வளவு நெல்லை இழுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். வேண்டாம், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று நான்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்ல நினைக்கிறேன். அறுவடைக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. யன்னலடியில் அவருடைய நிழல் விழும்போது, நான் குசினிக்குள் போய் ஏதாவது செய்கிற மாதிரி நிற்கிறேன்.